இல்லாத தாத்தாவின் மேசை

சாக்குத் துணியில் செங்கல் தூளைத் தொட்டு, மேசையின் வலது ஓரத்தை ஒரு பெண்ணின் கைகள் தேய்த்துக்கொண்டிருந்தன. ஓரம் முழுவதையும் அல்ல. உட்கார்ந்திருக்கும் ஆள் எழும்போது உள்ளங்கையை ஊன்றுவாரே, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும். தேய்ப்பதும், கண்ணை மூடி விரலால் தடவிப் பார்ப்பதும், திருப்தியில்லாமல் மறுபடி தேய்ப்பதுமாக இருந்தன. நகக்கண்கள் கறுத்துக் கிடந்தன. பழைய ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீரின் வேலை அது. புது மரத்தில் பூசினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மரத்துக்கு ஐம்பது வயது கூடிவிடும். நகத்தில் பட்டால் நகத்துக்கும் அப்படியே.

மேசை போன வாரம்தான் பிறந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு எண்பது வயது ஆக வேண்டும்.

"அந்த இடத்துல போய் இவ்ளோ தேய்க்கறியே, ஆபீசருங்க மேல இருந்துதானே பாப்பாங்க?" என்றார் மேசையைச் செய்த தச்சர். அவள் கணவர்.

"மேல இருந்து குனிஞ்சு பாக்கறவன் கையை எங்க வைப்பான்? இங்கதான். வழவழன்னு இருந்தா அவனுக்கே தெரியாம நம்பிடுவான். யாரோ காலம் பூரா உக்காந்து எழுந்த மேசைன்னு."

"யாரோ என்ன யாரோ? உங்க தாத்தான்னு வாய் நிறையச் சொல்லு."

"எங்க தாத்தாவுக்கு மேசையைத் தூக்கித்தான் பழக்கம். உக்காந்து பழக்கமில்ல."

உண்மைதான். அவளுடைய தாத்தா சந்தையில் மூட்டை தூக்கினவர். சாகும்போது அவர் விட்டுப்போனது இரண்டு பிள்ளைகளையும் தோள்பட்டையில் இருந்த காய்ப்பையும்தான். பிள்ளைகள் இங்கே தங்கினார்கள், காய்ப்பு அவரோடு போய்விட்டது. மூத்த பிள்ளையின் ஒரே மகள் இவள். இளைய பிள்ளையின் ஒரே மகன் முன்னாள் அமைச்சர், இவளுக்குத் தம்பி முறை.

இவளைத் தெருவில் எல்லோரும் பாலிஷ் அக்கா என்பார்கள். யாரும் கற்றுக்கொடுத்து வந்த வேலையில்லை. கல்யாணமான புதிதில் தச்சர் செய்கிற நாற்காலிகளுக்கு மெருகு பூச ஒருவர் வருவார். பூசுவதற்குக் கொடுத்த ஸ்பிரிட்டில் பாதி மரத்துக்கும் பாதி அவருக்குமாகச் செலவாகும். ஒருநாள் பங்கு சரியாகப் பிரியாமல் அவர் சுவரோரம் படுத்துவிட, இவள் துணியைக் கையில் எடுத்தாள். முதல் அலமாரியின் கதவில் இவளுடைய ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து காய்ந்துவிட்டன. வாங்க வந்தவர், "போலீஸ் ஸ்டேஷனுக்கா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவள் ஒரு வருஷம் அவசரமே படவில்லை. பூசுவாள், காயவிடுவாள், உப்புத்தாளால் தேய்ப்பாள், மறுபடி பூசுவாள்.

புதுசைப் பழசாக்கும் வேலை பிறகு வந்தது. ஹோட்டல்காரர்கள் கேட்டார்கள். அதற்காக இவள் பழையதையெல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் குனிந்து பெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பாள். நர்ஸ் ஒரு முறை, "மயக்கமா வருதா?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பியின் வளர்ச்சி இவளுடையதைப் போல மெதுவானதல்ல. முதல் தேர்தலில் அவன் வீட்டுத் தகரக் கூரை கான்கிரீட் ஆனது. இரண்டாவதில் மாடி வந்தது. மூன்றாவதில் அமைச்சரானான், வீடே எழுந்து பணக்காரத் தெருவுக்குப் போய்விட்டது. சாலைத் துறை அவன் கைக்கு வந்ததும் அவனுடைய மச்சானுக்குள் ஒரு சாலைக் கான்ட்ராக்டர் ஒளிந்திருந்தது தெரியவந்தது. அதுவரை மனிதர் செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருந்தார். புறவழிச்சாலை எங்கே வரும் என்று அரசாங்கம் அறிவிப்பதற்குச் சற்று முன்னால் அங்கே முள்காட்டை வாங்கிப்போட்ட தீர்க்கதரிசிகள் மூன்று பேர்: அவன் மனைவி, மாமியார், சமையல்காரர். சமையல்காரர் பெயரில் ஒரு தியேட்டரும் இருந்தது. அவர் படம் பார்க்க வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவார்.

நல்லதும் செய்யாமலில்லை. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்ற சட்டத்தைச் சபையில் கொண்டுவந்தவனே அவன்தான். அந்த வாரம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் அவன் கும்பிட்டபடி நின்றான்.

பதவி போனால் வரும்படியும் போய்விடும் என்று நினைப்பது நம்மைப் போன்றவர்களின் அப்பாவித்தனம். எந்தெந்தக் கம்பெனியின் கோப்புகளில் கையெழுத்துப் போட்டானோ, அந்தக் கம்பெனிகள் எல்லாம் அவனை ஆலோசகராக வைத்துக்கொண்டன. மாதம் ஒரு முறை போய் ஏசி அறையில் காபி குடித்து, "பாத்துப் பண்ணுங்க" என்பான். அதுதான் ஆலோசனை. எளிமை பற்றிப் பேசக் கூப்பிட்டால் அதற்குத் தனித் தொகை.

புது அரசாங்கம் விசாரணை ஆணையம் வைத்தபோதுதான் கொஞ்சம் வியர்த்தது. இவ்வளவு சொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அவனுடைய ஆடிட்டர் யோசித்து ஒரு வழி சொன்னார். பதவிக்கு வந்த பிறகு சம்பாதித்ததாகக் காட்டினால்தானே தப்பு? முன்னாலேயே இருந்தது என்று காட்டினால்? தாத்தா பெரிய மர வியாபாரி, அவர் விட்டுப்போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் நிலமும் வீடும் வாங்கினோம், மிச்சம் இதோ வீட்டில் கிடக்கிறது என்று நான்கு பழைய சாமானைக் காட்டிவிட்டால் போதும். வீட்டிலோ எல்லாம் வெளிநாட்டு சோபா.

அப்படித்தான் முன்னாள் அமைச்சர் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தான். கார் சந்துக்குள் நுழையாததால் நடந்தே வந்தான்.

"என்னக்கா, நல்லா இருக்கியா?"

"வாடா. பதவி போனதும் கால் நடக்குதே."

"கிண்டல் பண்ணாதக்கா. ஒரு உதவி வேணும். வெளியாளை வெச்சா வாய் நிக்காது. நீ நம்ம ரத்தம்."

விஷயத்தைச் சொன்னான். எட்டு நாற்காலி, இரண்டு அலமாரி, ஒரு கட்டில். எல்லாம் தாத்தா காலத்தது.

"தாத்தா காலத்துல கட்டிலா?" என்றாள். "அவர் சந்தையில சாக்கு மேல படுத்தவருடா."

"அதையெல்லாம் இப்ப யாரு கேக்கறா?"

அக்கா பட்டறையின் பின்சுவரைக் காட்டினாள். அதன் நடுவே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இடிபடும். பொறியாளர்கள் முதலில் போட்ட வரைபடத்தில் சாலை நேராகத்தான் போனது. நேராகப் போனால் மச்சானுடைய பெட்ரோல் பங்க்கின் முன்பக்கம் போய்விடும். அதனால் தம்பி பதவியில் இருந்தபோதே, எதிரே மாட்டைப் பார்த்த ஆள் போலச் சாலை மரியாதையாக ஒதுங்கி, வளைந்து, இந்தப் பட்டறையையும் பக்கத்தில் இருந்த மூன்று கடைகளையும் மிதித்துக்கொண்டு போக ஏற்பாடாகிவிட்டது. தரை வாடகைக்கு இருப்பவர்களுக்கு நஷ்டஈடும் கிடையாது. மெருகு வேலைக்கு ஸ்பிரிட் நாறும், தீப்பிடிக்கும் என்று வேறு எவரும் இடம் தரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பெயரைச் சொல்லும் முன்பே கதவைச் சாத்தினார்கள். இந்தத் தகரக் கூரை போனால் தச்சரும் அவளும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

"இதைப் பாரு," என்றாள். "இதுக்கு என்ன சொல்றே?"

"வேலையை முடிக்கா. ரோடு பழையபடி நேராப் போகும். தம்பி வாக்கு."

சாமான்கள் தயாராகத் தயாராகத் தாத்தாவும் வளர்ந்தார். அதுதான் அக்கா எதிர்பார்க்காதது. தம்பி வாரம் இரண்டு முறை வந்தான். முதலில் தாத்தாவுக்கு ஒரு கைத்தடி வந்தது. "நாற்காலிக் கையில தடியைத் தட்டித்தான் கூப்பிடுவார். அங்க ரெண்டு வடு போடுக்கா." பிறகு மூக்குக்கண்ணாடி. பிறகு தாத்தா ஏழைகளுக்குக் கடன் கொடுத்துத் திருப்பிக் கேட்காதவர் ஆனார். ஒரு நாள் அவரைப் பற்றிச் சொல்லும்போதே தம்பி மூக்கை உறிஞ்சினான். கைக்குட்டையை எடுத்துக்கொண்டான்.

"எதுக்குடா அழறே?" என்றாள் அக்கா.

"எவ்ளோ பெரிய மனுஷன்க்கா."

இவளும் லேசுப்பட்டவளல்ல. வடு என்று சொன்னால் வடுவைப் போட்டுவிட்டுப் போகிறவள் இல்லையே. தடி எந்தக் கையில், ஆள் எவ்வளவு உயரம், நாற்காலியில் சாய்வாரா நிமிர்ந்து உட்காருவாரா என்று குறுக்கு விசாரணை செய்தாள். ஆணையம்கூட அப்படிக் கேட்டிருக்காது. தச்சர் ஒருநாள், "உங்க தாத்தாவுக்கு மூட்டுவலி உண்டா?" என்று கேட்டுவைக்க, அதையும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

சாமான்கள் தம்பி வீட்டுக்குப் போன பிறகு ஆணையத்து அதிகாரிகள் வந்தார்கள், தடவினார்கள், தலையாட்டினார்கள். ஆணையத்தின் முன்னால் தம்பி சத்தியம் செய்து தாத்தாவின் கதையைச் சொன்னான். டீவியிலும் சொன்னான். ஓர் அதிகாரி மட்டும், "அவ்ளோ பெரிய வியாபாரின்னா கணக்கு எழுத மேசை இருக்குமே?" என்று கேட்டார். "இருக்கு, ரிப்பேருக்குப் போயிருக்கு" என்று ஆடிட்டர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் வந்து பார்ப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். அதனால்தான் இந்த மேசை.

செங்கல் தூள் வேலை பாதியில் இருக்கும்போதே பட்டறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வருகிற திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் ஆடிட்டரோடு உள்ளே இருந்தான், மச்சான் வாசல் அறையில் இருந்தார்.

"ரோடா? அதெல்லாம் மாத்த முடியாதுங்க. அவர் இப்ப பதவியிலயா இருக்கார்?"

"வாக்குக் குடுத்தான்."

"அரசியல்வாதி வாக்கை அவன் வீட்டு நாயே நம்பாது. நீங்க சொந்தக்காரங்க, நீங்க நம்பலாமா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மேசையை முடிச்சுக் குடுங்க. என் தியேட்டர்ல நாற்காலி துடைக்கிற வேலை இருக்கு, சொல்றேன்."

"சமையல்காரர் தியேட்டர்னு கேள்விப்பட்டேனே."

மச்சான் சிரிப்பதை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடத் தட்டு வைக்கும்போது டீவியில் மறுபடி தம்பியின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. "என்கிட்ட இருக்கறதெல்லாம் எங்க தாத்தா சொத்துங்க. அவரோட வாரிசுக்குச் சட்டப்படி வந்தது. இதுல என்ன தப்பு?"

தச்சர் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "கோடீஸ்வரரோட பேத்தியே, கொஞ்சம் தண்ணி கொண்டா."

அக்கா சிரித்தாள். சொம்பை எடுக்கப் போனவள் பாதியில் நின்றாள். டீவியைப் பார்த்தாள். தச்சரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"தண்ணி கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

மறுநாள் காலை அவள் தம்பியின் கூடத்தில், தடி வடுவுள்ள பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தச்சர் கதவோரம் நின்றுகொண்டார். தம்பி பதறினான்.

"அக்கா, அதுல உக்காராத. அது தாத்தா நாற்காலி. யாரையும் உக்கார விடறதில்ல."

"எனக்கும் அவர் தாத்தாதானேடா. சொத்து விஷயமாப் பேச வந்தேன்."

"எந்தச் சொத்து?"

"தாத்தா சொத்து. அவருக்கு ரெண்டு பிள்ளை. மூத்தவருக்கு நான் ஒருத்தி. இளையவருக்கு நீ ஒருத்தன். இந்த வீடு, புறவழிச்சாலை நிலம், தியேட்டர், எல்லாம் தாத்தா விட்டுட்டுப் போனதுல வாங்கினதுன்னு நீயே சத்தியம் பண்ணிட்டே. ஆளுக்குப் பாதி. உனக்குச் சின்ன வயசுலயே வகுத்தல் வராது, அதனால நானே வகுத்துட்டேன்."

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ஏதுங்க பங்கு?" தம்பியும் சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தார். தம்பி சிரிக்கவில்லை.

"பங்கு உண்டு மச்சான். சட்டம் இருக்கு."

"எந்த மடையன் போட்டான் அந்தச் சட்டத்தை?"

"நான்தான்."

கதவோரத்தில் தச்சர் இருமலை அடக்கினார், அல்லது இருமல் மாதிரி ஒன்றை.

"அக்கா," தம்பியின் குரல் இறங்கியது. "மனசாட்சியோட பேசு. அப்படி ஒரு தாத்தாவே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆணையத்துல போய்ச் சொல்லிடட்டுமா?"

மச்சான் எழுந்தார். "என்ன மிரட்டறீங்களா? இந்தச் சாமானையெல்லாம் செஞ்சதே நீங்கதான்னு நாங்க சொன்னா நீங்களும்தான் உள்ள போவீங்க."

"சொல்லுங்களேன். 'எங்க தாத்தா நாற்காலியெல்லாம் எங்க அக்கா போன மாசம் செஞ்சது'ன்னு இவன் ஆணையத்துல எழுந்து நின்னு சொல்லட்டும். டீவியில வருமில்ல? நான் சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டி வெச்சுப் பாக்கறேன்."

மச்சான் உட்கார்ந்தார். தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, கோப்பு எதிரே வந்தால் பழைய பழக்கத்தில் கேட்பதைப் போல, "எவ்ளோ எதிர்பாக்கறே?" என்றான்.

"காசு வேண்டாம். ரோட்டை நேராக்கு. நாலு கடைக்கும் சேத்துத்தான். கோடு அழிஞ்சாத்தான் மேசை இந்த வீட்டுக்கு வரும்."

"அப்ப என் பங்க்?" என்றார் மச்சான். பெட்ரோல் பங்க்கைத்தான் சொன்னார்.

"முன்பக்கம் கொஞ்சம் போகும். உங்களுக்கென்ன, பத்திரம் இருக்கு, நஷ்டஈடு கிடைக்கும். ரோடு கான்ட்ராக்டும் உங்களோடதுதான். நீங்க சொன்னா ஆபீஸ்ல பழைய வரைபடத்தை எடுக்க மாட்டாங்களா?"

"மாட்டேன்னா?"

தம்பி மச்சானைப் பார்த்தான். ஒரு காலத்தில் செல்போன் உறை விற்றவரைப் பார்க்கிற பார்வை அது. "மச்சான், பாதியா, ரெண்டு பம்ப்பா? நீங்களே சொல்லுங்க."

திரும்பி நடக்கும்போது தச்சருக்கு மனசு ஆறவில்லை. தெருமுனை வரை பொறுத்துப் பார்த்தார்.

"கையில வந்ததை விட்டுட்டியே. பாதி கேட்டிருந்தா குடுத்திருப்பான்."

"எவன் வீட்டுப் பணம் அது? அதை வாங்கினா நாளைக்கு நம்ம வீட்டுக்கும் ஆணையம் வரும். அப்ப நமக்கு யாரு தாத்தா செஞ்சு குடுப்பா?"

தச்சர் யோசித்தார். "நீயே செய்யலாமே."

"எனக்கு நானே செஞ்சுக்கிட்டா கூலி யாரு தர்றது?"

வியாழக்கிழமை காலை சர்வேயர்கள் வந்தார்கள். பட்டறைச் சுவரில் இருந்த சிவப்பைச் சுரண்டினார்கள். முத்திரை போட்ட பழைய வரைபடத்தைக் காட்டச் சொல்லி, சாலை நேராகத்தான் போகிறதா என்று விரலை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அக்கா அவர்களைப் போகவிட்டாள். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் அவர்கள் பின்னாலேயே பெட்ரோல் பங்க் வரை போய், அங்கே பம்ப்புகளுக்குப் பின்னால் புதுக் கோடு விழுவதை ஆசைதீரப் பார்த்துவிட்டு வந்தார். "அக்கா, கோடு கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு. ஆனா மச்சான் முகம் அளவுக்குக் கோணல் இல்ல," என்றார்.

அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை. மேசை முடியவில்லையே. கோடு அழிந்துவிட்டது, இனி எப்படிக் கொடுத்தாலும் அவன் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தச்சர் நியாயமாகவே சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழுப்பறைகளை வெளியே எடுத்து, யாரும் கையை விடாத உள்மூலைகளில் மெழுகோடு கரியைக் குழைத்து அடைத்தாள். மசி கொட்டிய கறை ஒன்றை வைத்து, அதைத் துடைக்க முயன்று தோற்ற மாதிரி சுற்றிலும் வெளிறச் செய்தாள். கடைசியில் பஞ்சுப் பொட்டலத்தை அரக்கில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேசை வேனில் போனது. இறக்கும்போது தம்பி ஓடிவந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். மச்சான் வெளியே வரவில்லை. கூடத்தில், நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். தம்பி போய் உட்கார்ந்தான். எழுந்தான். எழும்போது அவன் உள்ளங்கை தானாகவே வலது ஓரத்தில் அந்த ஒரு சாண் இடத்தில் ஊன்றியது. அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா," என்றான். "தாத்தா இங்கதான் கை வைப்பார், இல்ல?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அவன் நடிக்கவில்லை, கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"ஒரு வாரத்துக்கு இது மேல சூடா எதையும் வைக்காத," என்றாள். "ஈரத்துணி போடாத. ஜன்னல் வெயில் படாம தள்ளிப் போடு. இழுப்பறை புதுசு, அதனால இறுக்கமா இருக்கும். அதிகாரிங்க வர்றதுக்கு முன்னாடி நாலு தடவை இழுத்து மூடிப் பழக்கு."

தம்பி சின்னப் பையனைப் போலத் தலையாட்டினான். அவள் இடுப்பில் செருகியிருந்த இழுப்பறைச் சாவியை எடுத்து, துணியால் ஒரு முறை துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.